மொழிமுதல் ழகரம்

ஐப்பசி 10, திங்கள்

தீபாவளி விடுமுறை கழிந்து பள்ளி திறந்தது. தூறலில் பேத்தியைக் குடைக்குள் நடத்திச் சென்று விட்டு வந்தேன். மருமகள் ரோசாலி மருத்துவமனைப் பணிக்கு ஏழு மணிக்கே புறப்பட்டுவிடுகிறாள். மகன் சென்னையில், சனி, ஞாயிறுகளில் மட்டும் வருகிறான். ஆதலால் பண்மொழியைப் பள்ளியில் கொண்டுசேர்ப்பது என் கைங்கரியம். ஏழு வயது, இரண்டாம் வகுப்பு. பெயர் நான் சூட்டியது.

கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே இருக்கும் அந்தத் தனியார் பள்ளியில் ஒருநாள் முழுதும் பிரெஞ்சு, மறுநாள் முழுதும் ஆங்கிலம். பிரெஞ்சு நாளில் நீலப் பட்டையும் ஆங்கில நாளில் மஞ்சள் பட்டையும் குழந்தைகள் மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறார்கள். தமிழுக்கு வெள்ளி பிற்பகலில் நாற்பது நிமிடம் உண்டு. அதற்குப் பட்டை இல்லை.

வாயிலில் பெற்றோருக்கென்று தமிழில் ஒரு பலகை: 'வகுப்பாசிரியை: மதாம் ழுலியேத்.' பிரெஞ்சின் ஜகரம் போன்ற ஒலிக்கு இவ்வூரில் ழகரம் போடுவார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ் பயிற்றிய கண்ணில் அது முள்ளாய்த் தைத்தது. நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன சம்பந்தி, பலகையில பல்லி ஏதாச்சும் ஓடுதா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ரோசாலியின் தகப்பனார் சவரிராயன். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவரை இவ்வூரில் 'சொல்தா' என்பார்கள். அவர் சொல்தா. எழுபது வயதிலும் முதுகு கோணவில்லை.

"பல்லி இல்லீங்க, பிழை ஓடுது. தமிழ்ல ழகரத்துல தொடங்குற சொல்லே கிடையாது."

"எங்க அண்ணன் பேரே ழான்தான். எழுபத்தஞ்சு வருஷமா அவரு இல்லாமயா இருந்தாரு?"

வாயிற்காவலன் சிரித்தான். அந்நேரம் பண்மொழி என் குடையைவிட்டு ஓடி அவர் காலைக் கட்டிக்கொண்டு, "பாபி!" என்று கூவினாள்.

பாபி. பாவம் செய்தவன். நான் திடுக்கிட்டேன். எனினும் குழந்தை வாக்கு தெய்வ வாக்கு என்பதையும் மறுக்க இயலாது.

ஐப்பசி 11, செவ்வாய்

மாலையில் பேத்தியை அருகழைத்து, பெரியவர்கள் எத்தகையவராயினும் அவர்களைப் பாபி, பாவி என்று விளித்தல் ஆகாது எனப் பொறுமையாக எடுத்துரைத்தேன். வினைப்பயன் குறித்தும் சில சொன்னேன். அவள் கண்ணை விரித்துக் கேட்டாள். அடுக்களையிலிருந்து ரோசாலி வாயைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

"மாமா, அது பாபி இல்ல, பாப்பி. பிரெஞ்சுல தாத்தான்னு அர்த்தம். விடுமுறை முழுக்க அப்பா வீட்ல இருந்தால்ல, அங்க பழக்கிட்டாரு."

"அப்ப நானு?"

"நீங்க தாத்தா," என்றாள் பண்மொழி. "அவங்க பாப்பி."

பாகப்பிரிவினை நியாயமாகத்தான் இருக்கிறது. இரவு உணவுக்குப் பசி இல்லை. வாயுவாக இருக்கலாம்.

ஐப்பசி 15, சனி

முழங்காலுக்கு எண்ணெய். பேத்தி பாப்பி வீட்டில். மழை.

ஐப்பசி 19, புதன்

நீலப் பட்டை நாள். பள்ளி விட்டு வரும் வழியில் பண்மொழி நடைபாதைக் கற்களைப் பிரெஞ்சில் எண்ணிக்கொண்டே வந்தாள். நாற்பதுவரை எண்ணினாள். நானும் நடக்கும்போது விரல்விட்டு எண்ணுவது வழக்கம். ஆனால் அது சீர் எண்ணுவது. அவள் பிறந்தநாளுக்கென ஒரு வெண்பா உருவாகிக்கொண்டிருக்கிறது. ஈற்றடி மட்டும் தளை தட்டுகிறது.

வீட்டில் சம்பந்தி காத்திருந்தார். கையில் நீள ரொட்டி. வாரத்தில் மூன்று மாலை வருகிறார். பிரெஞ்சு வீட்டுப்பாடத்துக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்பது ரோசாலியின் கேள்வி. அவர் குறிப்பேட்டின் அட்டையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார். "பன்-மொழி. அடடா, பல மொழி பேசப்போறான்னு முன்னாடியே தெரிஞ்சு பேரு வெச்சீங்க பாருங்க சம்பந்தி!"

"அது பன்மொழி இல்லீங்க. பண்மொழி. மூணு சுழி. இசை மாதிரி பேசறவள்னு அர்த்தம்."

"ரோமன் எழுத்துல சுழி ஏதுங்க? ஒண்ணுதான்." சொல்லிவிட்டு ரொட்டியைப் பிய்த்து எனக்கும் ஒரு துண்டு நீட்டினார். வாங்கிக்கொண்டேன். காகத்துக்கு வைத்தேன். காகம் தின்றது.

ஐப்பசி 27, வியாழன்

பள்ளியிலிருந்து சுற்றறிக்கை. மேற்பாதி பிரெஞ்சு, கீழ்ப்பாதி ஆங்கிலம். கீழ்ப்பாதியைப் படித்தேன். கார்த்திகை இருபத்தாறாம் நாள் 'பெரியோர் நாள்'. ஒவ்வொரு குழந்தையும் தன் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பற்றித் தானே எழுதி, மேடையில் வாசிக்க வேண்டும். அப்பெரியவருக்குக் குழந்தையின் பக்கத்தில் நாற்காலி இடப்படும். ஒரு குழந்தைக்கு ஒரு நாற்காலி.

ஒருவர் என்பதை அடிக்கோடிட்டிருக்கிறார்கள்.

இக்குழந்தை பிறந்தபோது காதில் முதன்முதல் ஐந்தெழுத்து ஓதியவன் நான். இதை எழுதுவதன் நோக்கம் ஒன்றுமில்லை. நினைவுக்கு வந்தது.

கார்த்திகை 1, திங்கள்

முதல் சோமவாரம். ஈசுவரன் கோயில் மண்டபத்தில் என் சொற்பொழிவு. உட்பகை ஆறு: காமம், குரோதம், உலோபம், மோகம், மதம், மாற்சரியம். ஐந்தையும் விரிவாக எடுத்துரைத்தேன். ஆறாவதற்கு நேரமில்லாமற் போயிற்று. அடுத்த சோமவாரம் பார்க்கலாம் என்றேன்.

வீடு திரும்பினால் உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. பேத்தியும் சம்பந்தியும் எழுதிக்கொண்டிருந்தார்கள். தட்டினேன்.

"தாத்தா வரக்கூடாது!" என்று கத்தினாள் பண்மொழி. உடனே இருவரும் சிரித்தார்கள்.

"பிரெஞ்சு ராணுவ ரகசியம் சம்பந்தி," என்றார் அவர் உள்ளேயிருந்து. "சாவற வரைக்கும் சொல்ல மாட்டோம்."

என் வீட்டுக் கதவு. நான் இழைத்துப் போட்ட தேக்கு.

கார்த்திகை 8, திங்கள்

சொற்பொழிவில் முதல் ஐந்தையும் மீள நினைவூட்ட வேண்டியிருந்தது. புதிய அன்பர்கள் பலர் வந்திருந்தனர். ஆறாவது இன்னும் மீதம்.

கார்த்திகை 11, வியாழன்

உண்மையை உள்ளவாறு எழுதுவதே நாட்குறிப்பின் தர்மம்.

பிற்பகல் பேத்தியின் பையில் தண்ணீர்ப் புட்டி கசிந்திருந்தது. நனைந்தவற்றை எடுத்து உலர்த்தினேன். நீலக் குறிப்பேடு நனையவில்லை. எனினும் நனைந்ததா என்று பார்க்கும்பொருட்டுத் திறந்தேன். எழுத்துகள் ஆங்கில எழுத்துகளே. அவற்றைக் கூட்டிப் படிக்க எனக்குத் தடையில்லை. கடைசிப் பக்கத்தில் தலைப்பு இருந்தது. பேத்தியின் உருண்டைக் கையெழுத்து. முதற்சொல் ஏதோ சிறு சொல். இரண்டாம் சொல் TATA.

தாத்தா என்று எழுதியிருக்கிறாள். அச்சொல்லின்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு. அடித்துவிட்டு மேலே சிவப்பில் எழுதியிருக்கிறது: PAPI.

குழந்தை முதலில் என்னைத்தான் எழுதினாள். யாரோ அடித்துவிட்டு அவரை எழுதியிருக்கிறார்கள்.

கீழே ஒரு பக்கம் நிறையப் பிரெஞ்சு. ஒரு சொல்லும் விளங்கவில்லை. நடுவில் ஒட்டிய உறை ஒன்று இருந்தது. மேலே பெயர் இல்லை. பிறர் கடிதத்தைப் பிரிக்கும் பழக்கம் எனக்கில்லை.

ஏடுகளை இறைவன் திருமுன் வைப்பது நம் மரபு. பூசை மாடத்தில், பட்டுத் துணிக்கு அடியில் வைத்தேன். ஈரக்காற்று படாத இடம்.

கார்த்திகை 12, வெள்ளி

நீலக் குறிப்பேட்டைக் காணோம் என்று காலையில் ஒரே அமளி. கட்டிலுக்கு அடியில், செருப்பு அடுக்கில், அரிசிப் பானைக்குப் பின்னால் எல்லாம் தேடினார்கள். நானும் தேட உதவினேன்.

"எங்கடி வெச்சே? பொறுப்பே இல்ல உனக்கு! இன்னைக்கு மதாம்கிட்டே என்ன சொல்லுவே?" ரோசாலி ஓர் அடி வைத்தாள். முதுகில்தான், பலமாக இல்லை. பண்மொழி அழாமல் என்னைப் பார்த்தாள். "தாத்தா, நீங்க நேத்து பைய காயவெச்சீங்கல்ல, அதுல இருந்துச்சா?"

"பார்த்த நினைவு இல்லையம்மா," என்றேன்.

பார்த்த நினைவு இல்லை என்பதற்கும் பார்க்கவில்லை என்பதற்கும் இலக்கணத்தில் வேறுபாடு உண்டு.

கார்த்திகை 15, திங்கள்

பெருமழை. சொற்பொழிவு நடைபெறவில்லை. நல்லதாயிற்று, தொண்டை கட்டியிருக்கிறது.

கார்த்திகை 17, புதன்

திருக்கார்த்திகை. வாயிலிலும் மாடியிலும் விளக்கு வைத்தோம். பூசை மாடத்து விளக்கைத் தான் ஏற்றுவேன் என்று பண்மொழி அடம்பிடித்தாள். ஏற்றிவிட்டுக் கண்ணை இறுக மூடி, கைகூப்பி, உதடசைத்து வேண்டிக்கொண்டாள்.

"என்னம்மா வேண்டிக்கிட்டே?"

"நோட்டு கிடைக்கணும்னு."

பட்டுத் துணியிலிருந்து அவள் விரல் ஒரு சாண் தொலைவில் இருந்தது. விளக்கைத் தூண்டுவதுபோல் நான் இடையில் நின்றேன்.

சம்பந்தி நனைந்த குடையோடு வந்தார். வேறு குறிப்பேடு வாங்கி வந்திருக்கிறார். "அழாத மா ஷெரி, என் செல்லமே. பாப்பிக்கு எல்லாம் மனப்பாடம். முதல்லேருந்து எழுதுவோம்." அவர் தம்மைப் பற்றித் தாமே மீண்டும் சொல்லி எழுத வைப்பதற்கு வெட்கப்படவில்லை. நெற்பொரி உருண்டை கொடுத்தேன். "பல்லு ரெண்டுதான் சம்பந்தி சொந்தம்" என்று சொல்லி மூன்று தின்றார்.

கார்த்திகை 22, திங்கள்

மூலவருக்கு நூற்றெட்டுச் சங்காபிடேகம். தரிசனம் நன்று. மனம் நிற்கவில்லை. சொற்பொழிவை வேறொருவரிடம் ஒப்படைத்தேன்.

கார்த்திகை 25, வியாழன்

"நாளைக்குப் பத்து மணிக்கு மாமா. கண்டிப்பா வரணும். அந்தப் பட்டுக்கரை வேட்டி கட்டிக்கிடுங்க," என்றாள் ரோசாலி. பண்மொழி என் விரலைப் பிடித்து ஆட்டினாள்.

"வருவீங்கல்ல? சத்தியமா?"

அவையில் நான்காம் வரிசையில் அமர்ந்து, மேடையில் அவர் நாற்காலியில் வீற்றிருப்பதைக் காண என் பட்டுக்கரை வேட்டி எதற்கு? "நீங்க முன்னாடி போங்க. பூசை முடிச்சிட்டு ஆட்டோவில வந்துடறேன்," என்றேன்.

கார்த்திகை 26, வெள்ளி

காலை. ஒன்பதரை மணிக்கு வேட்டி கட்டினேன். பத்து மணிக்கு அவிழ்த்து மடித்து வைத்தேன். பூசை நீண்டது. தொலைபேசி மூன்று முறை மணியடித்தது. பூசை நடுவே எழுவதில்லை.

மாலை. நடந்ததை நடந்தவாறு எழுதுகிறேன்.

ரோசாலியும் குழந்தையும் ஒரு மணிக்கு வந்தார்கள். பண்மொழி என்னைப் பாராமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். ரோசாலி, "கால்வலியா மாமா?" என்று மட்டும் கேட்டாள். நான் பதில் சொல்லுமுன் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

நான்கு மணிக்குச் சம்பந்தி வந்தார். இம்முறை ரொட்டி இல்லை. சட்டைப் பையின்மேல் வரிசையாகப் படைப் பதக்கங்கள், கையில் சுருட்டிய தாள். எதிரே அமர்ந்தார். பிறகு தாளைப் பிரித்தார்.

"குழந்தை படிச்சது. தமிழ்ல சொல்றேன், கேளுங்க. 'என் தாத்தா நெத்தியில சாம்பல் பூசுவாங்க. எனக்கும் கொஞ்சம் பூசுவாங்க. பள்ளிக்கூட வாசல்ல, கண்ணுல விழாம இருக்க, ஊதி விடுவாங்க. என் தாத்தா நடக்கும்போது விரல்ல எண்ணுவாங்க. கணக்குப் போடறாங்கன்னு நெனச்சேன். கணக்கு இல்ல, பாட்டு. அவங்க விரல்ல பாட்டு இருக்கு. எனக்கு ரெண்டு மொழி சொல்லித் தர பள்ளிக்கூடம் இருக்கு. பேரு வெச்சது தாத்தா.' அவ்ளோதான். சின்ன பிள்ளதானே."

"உங்களப் பத்தியில்லையா எழுதினா?" என்றேன்.

"என்னைப் பத்தியா? என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு, ரொட்டியா? முதல் நாள்லேயே சொல்லிட்டா, தாத்தாதான், ஆனா சொல்லக்கூடாது, மேடையில பேரு சொல்லி கூப்பிடுவேன்னு. நோட்டுல அழைப்புக் கடுதாசிகூட ஒட்டி வெச்சிருந்தா. நோட்டு தொலைஞ்சதும் எத்தன அழுக. ரெண்டாவது தடவையும் உக்காந்து எழுதினோம்."

"பின்னே தாத்தாங்கறத சிவப்பு மையில அடிச்சிட்டுப் பாப்பின்னு ஏன் எழுதினாங்க?"

அவர் சிரித்தார். "அதுவா! பிரெஞ்சுல 'தத்தா'ன்னா அத்தை. குழந்தைங்க அப்படித்தான் கூப்பிடும். முதல்ல உங்க மீசையப் பத்தியும் எழுதியிருந்தா. மதாம் படிச்சிட்டு, உங்க அத்தைக்கு இவ்ளோ பெரிய மீசையான்னு கேட்டு, சிரிச்சு, அடிச்சாங்க. அந்த மொழியில எல்லாத் தாத்தாவும் பாப்பிதான் சம்பந்தி. நீங்களும் பாப்பி, நானும்…"

நிறுத்திக்கொண்டார். சிரிப்பு மெல்ல முகத்திலிருந்து இறங்கியது.

"சிவப்பு மை பழைய நோட்டுலல்ல இருந்துச்சு," என்றார்.

மழை ஓட்டுச் சரிவில் இறங்கும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. நான் பூசை மாடத்தின் பக்கம் பார்க்கக் கூடாது என்று எண்ணினேன். எண்ணியவுடனே பார்த்தேன். அவரும் பார்த்தார். படையில் இருந்த கண்.

எழுந்தார். வாயிற்படியில் செருப்பைத் தேடிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னார்: "நாற்காலியில நான் உக்காரல சம்பந்தி. மதாம் உக்காரச் சொன்னாங்க. அதுல மாசிலாமணின்னு உங்க பேரு எழுதியிருந்துச்சு. அதனால பக்கத்துல நின்னுட்டேன்."

கார்த்திகை 27, சனி

நான் கற்ற நூல்கள் பல. செய்ததற்குச் சமாதானம் அவற்றில் எதிலும் இல்லை. இருந்திருந்தால் நேற்றிரவுக்குள் நான் கண்டுபிடித்திருப்பேன்.

காலையில் பட்டுத் துணியை நீக்கி, நீலக் குறிப்பேட்டை எடுத்தேன். உறையைப் பிரித்தேன், இப்போது அது எனக்கு வந்தது என்று தெரியும். தமிழில்தான் எழுதியிருந்தாள்: 'தாத்தா நீங்க வாங்க. நாற்காலி இருக்கு.' அடியில் தன் பெயர். மூன்று சுழி போட்டு, போதாதோ என்று நான்காவதும் போட்டிருந்தாள்.

பண்மொழி முற்றத்துக் கம்பியில் தொங்கும் மழைத்துளிகளைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். குறிப்பேட்டை அவள் கையில் வைத்தேன்.

"கிடைச்சிடுச்சா! எங்க இருந்துச்சு?"

"பூசை மாடத்துல. நான்தான் ஒளிச்சு வெச்சேன்."

அவள் முகம் மூடிக்கொண்டது. "அம்மா என்னை அடிச்சாங்க."

"ஆமாம்."

"நான் மைக்குல ரெண்டு தடவ கூப்பிட்டேன். எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க. ரூபனோட தாத்தா எல்லாம் வந்தாங்க. நாற்காலி காலியா இருந்துச்சு."

"ஆமாம்மா."

"ஏன் ஒளிச்சீங்க?"

ஏன்? ஏழு வயதுக்கு எச்சொல்லால் சொல்வது? அழுக்காறு என்றால் அவளுக்கு விளங்காது. மாற்சரியம் என்றால் அவள் என்னைவிட்டு இன்னும் விலகிப்போவாள். பொறாமை என்ற எளிய சொல் நாவின் நுனிவரை வந்தது; பல்லைத் தாண்டவில்லை.

அவள் என்னை ஆராய்ந்தாள். வகுப்பறைச் சுவரில் முகங்கள் வரைந்து, ஒவ்வொன்றின் அடியிலும் அதன் பெயர் எழுதி வைத்திருக்கிறார்களாம். ஒரு நோயாளியிடம் மருத்துவர் கேட்பதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"கோவமா இருந்தீங்களா?"

"இல்ல."

"சோகமா?"

"கொஞ்சம்."

"பயமா?"

"அதுவும் கொஞ்சம்."

"அப்ப ழாலுவா?"

"ழாலு என்றால்?"

"அதான் தாத்தா, வீட்ல தம்பிப் பாப்பா பொறந்தா அண்ணனுக்கு வருமே. எல்லாரும் பாப்பாவையே தூக்குவாங்க. அப்ப அண்ணன் பாப்பாவக் கிள்ளிட்டு, நான் கிள்ளலன்னு சொல்லுவான்."

"அதுதான்," என்றேன். "அதேதான். உன் பாப்பி மேல எனக்கு ழாலு."

சொல்லிவிட்டேன். அயல்மொழிச் சொல்லாக இருந்ததால் நா இடறவில்லை. நாளை மறுநாள் கடைசிச் சோமவாரம். ஆறாவது பகையைப் பற்றிப் பேச எடுத்துக்காட்டுக்கு நான் வெளியே செல்ல வேண்டியதில்லை. அதற்குமுன் சம்பந்தி வீட்டுக்கு நடந்து போக வேண்டும். ரோசாலியிடமும் சொல்ல வேண்டும். முழங்கால் வலிக்கவில்லை.

பண்மொழி உடனே மன்னித்துவிடவில்லை. கொஞ்சம் யோசித்து, உள்ளே போய், அட்டையும் நீல மைக்கோலும் கொண்டுவந்தாள். "எங்க கிளாஸ்ல யாருக்கு என்ன இருக்கோ, அத எழுதி சுவத்துல ஒட்டுவோம். போனதும் கிழிச்சிடுவோம். நீங்க எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க, எனக்கு அந்த எழுத்து சரியா வராது."

அட்டையை மடிமேல் வைத்துக்கொண்டேன். ழகரம் மொழிக்கு முதலாகாது. முப்பத்திரண்டு ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப்போட்ட விதி; பிழைத்த பிள்ளைகளை நூறுமுறை எழுத வைத்த விதி. கை ஒருகணம் நின்றது. வேறு எழுத்தால் தொடங்கினால் அச்சொல் வேறாகிவிடும். நான் செய்ததும் வேறாகிவிடும்.

முதலில் ழ எழுதினேன். கால் இட்டேன். பின் லு.

"சரியா இருக்கா தாத்தா?"

"சரியா இருக்கு," என்றேன்.

பூசை மாடத்துக் கதவில், தன் கை எட்டும் உயரத்தில், கோணலாக ஒட்டிவிட்டுப் போனாள்.